'ஜாக்கிரதை' என்று சொன்னால் போதுமா?

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது நீங்கள் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கு வந்தால், பட்சண மாமியின் வீடு எது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. மூக்கே அழைத்துக்கொண்டு போய்விடும். தேன்குழல், முள்ளு முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம் என்று வாட்ஸாப்பில் ஆர்டர் வந்து குவியும். மாமியும் உதவிக்கு நான்கு பெண்களுமாக ஐந்து பேர், பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள பின்கட்டு அறையில் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி எட்டு மணி வரையில் எண்ணெயும் புகையுமாக நிற்பார்கள். நானும் அந்த வீட்டு வாடிக்கைக்காரன்தான். முறுக்கைக் கடிக்கும்போது அதன் கரகரப்பைப் பற்றி யோசித்திருக்கிறேனே தவிர, அது பிறந்த அறையைப் பற்றி ஒரு நாளாவது யோசித்ததில்லை.

உள்ளதைச் சொல்லுங்கள், நீங்கள் யோசித்ததுண்டா?

போன தீபாவளி சமயம். ஒரு நாள் சாயங்காலம் அரைக் கிலோ ஓமப்பொடி வாங்கப் போயிருந்தேன். உள்ளே 'ணங்' என்று ஒரு சத்தம்; அதைத் தொடர்ந்து ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தோம். உதவிப் பெண்களில் இளையவள், இருபது வயசுதான் இருக்கும், சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். சூடான எண்ணெயோடு வாணலியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனவளுக்குக் கால் வழுக்கியிருக்கிறது. வாணலி சாய்ந்து எண்ணெய் அவ்வளவும் தரையில். அவள் பாதத்துக்கும் அந்த எண்ணெய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அவ்வளவுதான்.

"கண்ணை எங்கேடி வெச்சுண்டு நடக்கறே? ஜாக்கிரதையா இருக்க வேண்டாமோ?" என்று மாமி கத்தினாள். கோபம் இல்லை அது, பயம். பிறகு பெருமூச்சு விட்டு, "பெருமாள் காப்பாத்தினார். யாருக்கும் ஒண்ணும் ஆகலே" என்றாள்.

எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்கிறதாலேதான் அம்மா நான் உள்ளே வந்து பார்க்கணும்னு கேட்கிறேன். ஏதாவது ஆகியிருந்தா இந்நேரம் எல்லாரும் ஆஸ்பத்திரி வாசல்லே நிற்போம்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவில் 'சேப்டி தாத்தா' என்று பெயர் வாங்கிய பெரியவர். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ரிடயரானவர். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்துக்கு எத்தனை வாசல் என்று பார்ப்பவர். இதற்காக அவரை நாங்கள் நிறையக் கேலி செய்திருக்கிறோம்.

மாமி யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வாங்கோ சார். அன்னிக்கு லீவு. அலம்பிவிட்டு எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து வைக்கறேன்" என்றாள்.

"கூடாது, கூடாது" என்றார் பெரியவர். "அலம்பிவிட்ட அறையிலே யாருக்கம்மா அடிபடப் போகுது? வேலை மும்முரமா நடக்கும்போதுதான் பார்க்கணும். நாளைக்கே வரேன்."

நான் பத்திரிகைக்காரன். கூப்பிடாமலே நானும் போனேன்.

கைத் தழும்பு சொன்ன கதை

மறுநாள் காலை ஒன்பது மணி. பெரியவர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, குறுக்கும் நெடுக்கும் நடந்து, "இது சரியில்லை, அது சரியில்லை" என்று அதட்டப் போகிறார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். அவரோ வாசற்படி ஓரமாக ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள், எதைத் தாண்டுகிறார்கள், எதற்குக் குனிகிறார்கள், எதற்கு எட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த இளம் பெண்ணைக் கூப்பிட்டு, "கையைக் காட்டும்மா" என்றார்.

ரேகை பார்க்கப் போகிறாரோ என்று அவள் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை நீட்டினாள். அவர் கையைத் திருப்பச் சொன்னார். முழங்கை வரை தழும்பு. ஒவ்வொன்றாக, "இது எப்படி? இது எப்படி?" என்று கேட்டார். "அது ஒண்ணுமில்லீங்க ஐயா, சட்டி விளிம்பு பட்டிடுச்சு." மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டார். நான்கு பேர் கையிலும் சேர்த்துப் பதினோரு தழும்பு. அவற்றில் ஆறு ஒரே இடத்தில், வலது மணிக்கட்டுக்கு மூன்று விரற்கடை மேலே, ஒரே மாதிரிக் கோடு!

ஆறு தழும்பும் ஒரே இடத்தில் விழுந்தால் அது கவனக்குறைவாக இருக்க முடியாது அல்லவா? பெரியவர் எழுந்து போய் அடுப்பைக் காட்டினார். பெரிய பர்னர் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, சுவரை ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. பின் அடுப்பில் வேகும் முறுக்கை எடுக்க வேண்டுமானால் முன் அடுப்பு வாணலிக்கு மேலே கையை நீட்டியே ஆக வேண்டும். குட்டையான பெண்ணுக்கு மணிக்கட்டில் சுடும். நெட்டையானவளுக்கு முழங்கையில் சுடும். அடுப்பை அப்படி வைத்த அன்றைக்கே தழும்பும் எழுதியாகிவிட்டது.

"உங்க கையும் பார்க்கலாமா அம்மா?" என்று மாமியைக் கேட்டார். மாமி புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு, "எனக்கென்ன, பழகிப் போச்சு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் தம் நோட்டில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஏன்? ஏன்? ஏன்?

அடுத்தது, முதல் நாள் சம்பவம். "ஏம்மா வழுக்கிச்சு?" என்றார். தரை ஈரம். "ஏன் ஈரம்?" குழாயடியிலிருந்து மாவு பிசைய வாளியில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்; அது தளும்புகிறது. அதில் அரிசி மாவும் எண்ணெய்த் துளியும் சேர்ந்துவிட்டால் பளிங்குத் தரையும் தோற்றுப்போகும். "சரி, அந்த வழியிலே வாணலியோட ஏன் போனே?" எண்ணெய் வடிகட்டும் டின் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. "சூடா இருக்கும்போதே ஏன் வடிகட்டணும்?"

இதற்கு அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. மாமியைப் பார்த்தாள். மாமிக்கும் தெரியவில்லை. "எங்க மாமியார் காலத்திலேர்ந்து அப்படித்தான்" என்றாள் கடைசியில்.

இந்த இடத்தில்தான், வாசகர்களே, எனக்குப் பெரியவரின் தொழில் ரகசியம் விளங்கியது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுப்போம். 'தரை வழுக்கும்' என்று எழுதி ஒட்டுவோம். 'ஜாக்கிரதை' என்று நாலு தடவை சொல்வோம். அவர் சொன்னது வேறு. முதலில், அந்த அபாயமான காரியத்தைச் செய்யாமலே இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டுமாம். முடியாவிட்டால், அதைவிடச் சாதுவான ஒன்றை அந்த இடத்தில் வைக்க முடியுமா? அதுவும் முடியாவிட்டால் நடுவில் ஒரு தடுப்பு. கையுறை, செருப்பு, எச்சரிக்கை எல்லாம் பந்தியில் கடைசி இலை. உலகம் முழுவதும் பாதுகாப்பு அதிகாரிகள் படிக்கிற முதல் பாடம் இதுதான் என்றார். "நாம என்ன செய்யறோம்? கடைசி இலைக்கு மட்டும் பரிமாறிட்டுப் பந்தி முடிஞ்சுதுங்கறோம்."

எண்ணெயைத் தூக்கவே வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியை அங்கேயே மூடி வைத்து, விடிந்ததும் ஆறின எண்ணெயை அங்கேயே வடிகட்டிக்கொள்ளலாம். செலவு? ஒரு காலணாக்கூட இல்லை. மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் அடுத்த நிமிஷமே மாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானும் ஜாக்கிரதையாத்தான் சார் இருக்கேன்" என்று அடுப்பின் பக்கத்தில் வைத்திருந்த ஒரு வாளித் தண்ணீரைக் காட்டினாள். "தப்பித் தவறி எண்ணெய் பத்திண்டா அணைக்கறதுக்கு."

பெரியவர் பதறிப் போய் அந்த வாளியைத் தாமே எடுத்து வெளியே வைத்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாளி இருக்கலாம் என்பதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். தீப்பிடித்த எண்ணெயோ 300 டிகிரிக்கு மேலே இருக்கும். கொட்டின தண்ணீர் கனமானது. எண்ணெய்க்கு அடியில் இறங்கும். இறங்கின மறு கணமே ஆவியாகும். ஆவியானால் அதன் அளவு ஏறத்தாழ 1,700 மடங்கு. அவ்வளவு ஆவியும் ஒரே மூச்சில் மேலே கிளம்பினால், எரிகிற எண்ணெயை விசிறியடித்துக் கூரை வரைக்கும் கொண்டுபோகும். எண்ணெய் பற்றிக்கொண்டால் கை எட்டும்படி இருந்தால் காஸை மூடி, வாணலியை ஒரு தாம்பாளத்தால் மூடிவிட வேண்டும். உடனே திறந்து பார்க்கக் கூடாது. வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. வாளி இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய தாம்பாளம் மாட்டியிருக்கிறது.

தண்ணீருக்கு வேறொரு வேலை உண்டு. கையில் சுட்டுவிட்டால் குழாயைத் திறந்து 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் பிடித்திருக்க வேண்டும். மாவு, பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம். அந்தப் பெண்கள் இவ்வளவு நாளும் போட்டுக்கொண்டது இட்லி மாவுதான்.

காஸ் விஷயத்தில் மாமி சமர்த்து. வீட்டுக்கென்று வருகிற 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குத் தொடுவதில்லை. 19 கிலோ வியாபாரச் சிலிண்டர்தான். ஆனால் ரப்பர் குழாய் எப்போது மாற்றியது என்று கேட்டதும் முழித்தாள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியாக வேண்டும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஓர் எழுத்தும் எண்ணும் இருப்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். எண் வருஷத்தைக் குறிக்கும். அந்தத் தவணைக்குள் சிலிண்டரை மறுபடி பரிசோதித்தாக வேண்டும். தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். இந்தக் காஸ் காற்றைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. புடவைக் கொசுவத்தைப் போலத் தரையோடு தரையாகப் படியும். ஆகையால் உயரத்தில் ஜன்னல் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். தரைமட்டத்தில் காற்றுக்கு வழி வேண்டும். வாடை வந்தால் மின்சார சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள்.

பின்வாசல்

இவ்வளவும் ஆன பிறகு, பெரியவர் அறையின் மூலையில் இருந்த பின்கதவைக் காட்டி, "இதைத் திறங்க" என்றார்.

கதவுக்கு முன்னால் எண்ணெய் டின்கள், மாவு மூட்டைகள், அட்டைப் பெட்டிகள். நான்கு பெண்களும் சேர்ந்து அவற்றை நகர்த்தி, துரு ஏறின தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தார்கள். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நிமிஷம். இன்னொரு வாசல் அடுப்பைத் தாண்டித்தான் இருக்கிறது.

அப்போது அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னார். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில் நடந்தது. 1911-ம் வருஷம் மார்ச் 25-ம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம். டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனி ஒரு பத்து மாடிக் கட்டிடத்தின் 8, 9, 10-வது மாடிகளில் இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த இளம் பெண்கள். எட்டாவது மாடியில் துணிக் குப்பையில் நெருப்புப் பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. வெளியே இருந்த இரும்பு ஏணி பாரம் தாங்காமல் இற்று விழுந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாவது மாடி வரைக்குந்தான் எட்டியது. 146 பேர் மாண்டார்கள். தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவர்களில் பிரான்ஸிஸ் பெர்க்கின்ஸ் என்ற பெண்மணி ஒருவர். பிற்பாடு 1933-ல் அமெரிக்காவின் தொழில் மந்திரியானார். அந்த நாட்டு மந்திரி சபையில் இடம் பெற்ற முதல் பெண் அவரே.

"அமெரிக்கா வேண்டாம், கும்பகோணத்துக்கு வருவோம்" என்றார் பெரியவர். யாரும் பேசவில்லை. 2004-ம் வருஷம் ஜூலை 16-ம் தேதியை நம்மில் யார் மறந்தோம்? பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் தொடங்கின நெருப்பு கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டது.

மாமி அதற்குள் மூட்டைகளைத் தாழ்வாரத்துக்கு இழுக்க ஆரம்பித்திருந்தாள். யாரும் சொல்லவில்லை.

மாமியின் வீட்டுச் சுவரில் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ் ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. சட்டப்படி வேண்டியதுதான். ஆனால் அது முறுக்கைத் தின்கிற நம் வயிற்றுக்காக. முறுக்குப் பிழிகிற கைக்கு ஒரு சான்றிதழும் இல்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் உபயோகிக்கும் இடத்தில் பத்துப் பேராவது, உபயோகிக்காத இடத்தில் இருபது பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று எண்ணியது. 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத் தொகுப்பு அதை இருபது, நாற்பது என்று உயர்த்தியது. ஐந்து பேர் வேலை செய்யும் மாமியின் பின்கட்டு எந்தக் கணக்கிலும் வராது. அப்பளம் இடுகிற வீடு, ஊறுகாய் போடுகிற வீடு, மாடியில் நான்கு தையல் மெஷின் போட்டிருக்கிற வீடு எதுவுமே வராது. அங்கே யாரும் சோதனை போட வரப் போவதில்லை. வீட்டுக்காரியேதான் இன்ஸ்பெக்டர்.

மின்சாரத்தைப் பார்த்தார். வெட் கிரைண்டருக்கு மூன்று முள் பிளக். ஆனால் சொருகியிருந்தது இரண்டு துளை எக்ஸ்டென்ஷனில், மேல் முள்ளை வெட்டிவிட்டு! அந்த மேல் முள்தான் எர்த். ஈரக் கையோடு ஈரத் தரையில் நின்று தொடுகிற யந்திரத்துக்கு அதை வெட்டுவது, மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு வருவதைப் போல. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் மெயின் பெட்டியில் இருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு அப்போதே ஆள் போயிற்று.

புகை போக ஒரு விசிறி இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எப்போதோ நின்று போயிருந்தது. இதை அற்பமாக எண்ண வேண்டாம். அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுகிறவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. நைட்டி விஷயத்தையும் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் துணி நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்படிக்குப் பருத்திதான் உசிதம். அதுவும் தலைப்பை இழுத்துச் செருகிய பிறகு.

கடைசியாக, உட்காருவதற்கு அந்த அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை என்பதைக் காட்டினார். துணிக்கடைகளில் நாள் முழுவதும் கால் கடுக்க நிற்கிற பெண்களுக்காக, உட்கார இடம் கொடுத்தாக வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத் திருத்தம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். "முறுக்குப் பிழிய உட்கார்ந்தா ஆகுமா?" என்றாள் மாமி. "பிழியறதுக்கு வேண்டாம்மா. பாக்கெட்டு ஒட்டறதுக்கு எதுக்கு நிக்கணும்?" என்றார். அந்த இளம் பெண் முதல் தடவையாக வாயைத் திறந்து, "எனக்கு ராத்திரி குதிகால் வலி தாங்காதுங்க" என்றாள். மூன்று வருஷமாக அங்கே வேலை செய்கிறாள். மாமிக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அடுப்புகள் பக்கம் பக்கமாக மாறியிருந்தன. பின்கதவு திறந்திருந்தது. காற்றில் மாவு பறக்கிறது என்று மாமி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கதவை மூடவில்லை. பர்னர் மாற்றுவதற்கும் மின்சார வேலைக்கும் ஆன செலவை என்னிடம் பைசாவோடு ஒப்பித்து, "இந்த வருஷம் முறுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஜாஸ்தி" என்றாள். கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கையைக் காட்டும்மா" என்று என் தாயாரைக் கேட்டேன்.

"எதுக்குடா?" என்றவள், கையைத் திருப்பிக் காட்டினாள். பஞ்சாங்கம் படிப்பது போல ஒவ்வொன்றுக்கும் வருஷம் சொன்னாள். இது நீ பிறந்த வருஷம்; இது உன் அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள்; இது அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது. மணிக்கட்டுக்குக் கீழே வரிசையாக மூன்று சின்னத் தழும்புகள். "இதெல்லாமா? காப்பிப் பொடி டப்பா எடுக்கும்போது பட்டது."

எழுந்து போய்ப் பார்த்தேன். டப்பா அடுப்புக்கு நேர் மேலே, சுவர் அலமாரியில் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. எடுத்து எதிர்ப்பக்கத்து மேடையில் வைத்தேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "காப்பிப் பொடியை எங்கேடா வெச்சுத் தொலைச்சே?"